யார் தொடுகிறார்கள்? தொடு விசை, தொடா விசை: சேலத்திலிருந்து ஏற்காடு வரை ஒரு முழு வழிகாட்டி

ஏற்காடு பேருந்து எட்டாவதோ ஒன்பதாவதோ கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது அக்கா மகள் என் தோள் மேல் வந்து சரிந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "மாமா, இப்ப என்னைத் தள்ளுனது யாரு?"

அவள் ஆறாம் வகுப்பு. தொடு விசை, தொடா விசை அட்டவணையை எழுதி முழு மதிப்பெண் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இடது பக்கம் உராய்வு, தசை விசை. வலது பக்கம் ஈர்ப்பு, காந்தம், நிலைமின். ஒப்பிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்வாள். ஆனால் தன்னையே ஒரு விசை தள்ளியபோது அது எந்தப் பக்கத்தில் சேரும் என்று தெரியவில்லை. தப்பு அவளுடையது அல்ல. அட்டவணை விசைகளின் பெயரைச் சொல்கிறது, அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதில்லை. அந்த வழிதான் இந்தக் கட்டுரை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், பள்ளியில் படித்ததை மறந்துவிட்ட பெரியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கைக்கு வேண்டியவை

ஒரு காந்தம் (பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது போதும், ரேடியோ பழுது பார்க்கும் கடையில் கேட்டால் கிடைக்கும்), பிளாஸ்டிக் சீப்பு, ஒரு செங்கல், ஒரு மீட்டர் நீளப் பலகை, கொஞ்சம் நூல், ஒரு குண்டூசி. பழைய பேப்பர் கடைக்காரர் கட்டை மாட்டித் தூக்கிப் பார்ப்பாரே, அந்த மாதிரி ஸ்பிரிங் தராசு ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது.

விசை என்பது தள்ளுவது அல்லது இழுப்பது. அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. அளக்கும் அலகு நியூட்டன். ஒரு நியூட்டன் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டுமானால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை உள்ளங்கையில் வையுங்கள். பூமி அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 5 நியூட்டன். அரைக் கிலோ மல்கோவாவுக்கும் அதே கணக்குதான். தராசு காட்டும் கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் வந்துவிடும்.

படி 1: ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"பேருந்தில் என்னென்ன விசைகள்?" என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. பேருந்தின் மேல் செயல்படும் விசைகள் வேறு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் செயல்படுபவை வேறு, சாலையின் மேல் செயல்படுபவை வேறு. எந்தப் பொருள் என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேயே தீரும்.

படி 2: விரலால் சுற்றி வாருங்கள்

தேர்ந்தெடுத்த பொருளின் ஓரத்தை மனதுக்குள் விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எங்கெல்லாம் வேறொரு பொருள் தொடுகிறதோ அங்கெல்லாம் நின்று, "இது என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். தொடு விசை எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று தொடும் இடத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். தொடுபவர் இல்லையென்றால் தொடு விசையும் இல்லை.

உதாரணத்துக்கு மாமரத்தில் தொங்கும் ஒரு மாம்பழம். சுற்றி வந்தால் தொடுபவர்கள் இரண்டே பேர்: காம்பு, காற்று. காம்பு மேலே இழுக்கிறது. இதற்கு இழுவிசை என்று பெயர். காற்று அசையாமல் இருந்தால் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதே பழத்தை மேசையில் வைத்தால் காம்பின் இடத்தை மேசை பிடித்துக்கொள்கிறது. மேசை மேல்நோக்கித் தள்ளும் இந்த விசைக்குச் செங்குத்து எதிர்விசை என்று பெயர். பழத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மேசை இன்னொரு வேலையும் செய்யும்: வழுக்கலைத் தடுக்கும். அது உராய்வு. தொடுபவர் ஒருவரே ஆனாலும் விசை இரண்டு என்பதைக் கவனியுங்கள்.

தொடுபவர்களில் மறந்துபோகிறவர் காற்றுதான். ஏற்காட்டில் ஏரிக்கரைக் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பாருங்கள். சமவெளியில் கட்டப்பட்ட பாக்கெட்டுகள் அங்கே பலூன் மாதிரி உப்பியிருக்கும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று தள்ளுகிற அளவுக்கு வெளிக்காற்று தள்ளுவதில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இது தொடு விசைதான். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் வந்து மோதுகின்றன. ஏரியில் படகைத் தாங்கும் தண்ணீரும் இப்படித்தான். அந்த மேல்நோக்கிய தள்ளலை மிதப்பு விசை என்கிறோம்.

படி 3: தொடாமல் தொல்லை கொடுப்பவர்கள் மூன்று பேர்

சுற்றி வந்து முடித்ததும் மூன்று கேள்விகள் பாக்கி. பூமி இழுக்கிறதா? காந்தம் ஏதாவது அருகில் இருக்கிறதா? மின்னேற்றம் பெற்ற பொருள் இருக்கிறதா? அன்றாட வாழ்க்கையில் தொடா விசை என்றால் இந்த மூன்றுதான். அணுக்கருவுக்குள் வேறு இரண்டு விசைகள் உண்டு, ஆனால் அவற்றின் எல்லை அணுக்கருவோடு முடிந்துவிடும்.

ஈர்ப்புக்கு எப்போதும் "ஆம்". மலை ஏறினால் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையும். ஆனால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவது ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், பூமியின் மையத்திலிருந்து நாம் இருக்கும் தூரமோ சுமார் 6,370 கிலோமீட்டர். 60 கிலோ ஆளுக்கு 20 கிராம் அளவுக்குத்தான் எடை குறையும், அதுவும் நுட்பமான ஸ்பிரிங் தராசில்தான் தெரியும். இரண்டு தட்டுத் தராசில் எதுவுமே தெரியாது, ஏனென்றால் எடைக்கல்லும் அதே அளவு லேசாகிவிடும். ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டாலே அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

காந்த விசைக்கு வருவோம். இதற்குச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடையாது என்பது என் கட்சி. ஊருக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலை இரும்புத் தாது மலை. அதில் மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள தாது இருக்கிறது. மலையடிவார ஓடை மணலில் காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இழுப்பது புத்திசாலித்தனம். இல்லையென்றால் பொடியைப் பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும். (எனக்குப் போனது.) கவர் நடுவில் இருந்தும் பொடி வருகிறதே, தொடா விசைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்கள். அது மேக்னசைட். ஊரில் அந்தப் பெயரில் ரயில் நிலையமே உண்டு. பெயரைக் கேட்டு, இதுவும் காந்தக் கல் என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். காந்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு பெயர்களும் மக்னீசியா என்ற பழைய கிரேக்க ஊர்ப்பெயரோடு தொடர்புள்ளவை, அவ்வளவுதான். இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்துக் காந்தத்தைக் காட்டுங்கள். பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்து சமையலறை. எவர்சில்வர் பாத்திரங்களில் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. ஒட்டாதது மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். குரோமியத்தோடு சுமார் 8 சதவீதம் நிக்கல் சேர்ந்த வகையில் காந்தம் ஒட்டாது, விலையும் அதற்குத்தான் அதிகம். நிக்கல் இல்லாத வகையில் ஒட்டும். 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை இரண்டு வகையையும் தகடாக்கியிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாங்கிய வெள்ளிக் கொலுசிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் கடைக்காரரிடம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது, திருகாணி மட்டும் இரும்பாக இல்லாத பட்சத்தில்.

நிலைமின் விசைக்குச் சீப்பு. எண்ணெய் இல்லாத தலையில் பத்துப் பதினைந்து முறை வாரி, காகிதத் துணுக்குகளுக்கு மேலே கொண்டு போங்கள், துள்ளி ஒட்டும். மெலிதாக ஒழுகும் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் காட்டினால் தண்ணீர் சீப்பை நோக்கி வளையும். இதை மாசி, பங்குனி மாத வறட்சியில் சேலத்தில் செய்யுங்கள். நாங்கள் ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய காலையில் செய்துபார்த்து ஏமாந்தோம். ஈரக்காற்றில் சீப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, மின்னேற்றம் அதன் வழியாகக் கசிந்து போய்விடுகிறது.

படி 4: மயிரிழை விலக்கிப் பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காந்தம் கதவைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் காந்த விசை தொடு விசையா? நாம் நிற்கும் தரையே பூமிதானே, அப்படியானால் ஈர்ப்பும் தொடு விசையா?

தீர்ப்புச் சொல்ல ஒரு சோதனை போதும். இரண்டு பொருளையும் ஒரு மயிரிழை விலக்குங்கள். விசை சட்டென்று காணாமல் போனால் அது தொடு விசை. அப்படியே நீடித்தாலோ கொஞ்சமாகக் குறைந்தாலோ அது தொடா விசை. காந்தத்தைக் கதவிலிருந்து ஒரு தாள் கனம் விலக்கினாலும் இழுப்பு இருக்கும். ஆனால் கதவு காந்தத்தை வெளிநோக்கித் தள்ளும் எதிர்விசையும், அது கீழே வழுக்காமல் பிடித்திருக்கும் உராய்வும் அந்த நொடியே போய்விடும். ஆக, கதவில் ஒட்டிய காந்தத்தின் மேல் நான்கு விசைகள்: தொடா விசை இரண்டு (கதவை நோக்கிய காந்த இழுப்பு, பூமியின் ஈர்ப்பு), தொடு விசை இரண்டு. எடையைத் தாங்குவது காந்த விசை என்று எல்லோரும் சொல்வார்கள். நேராகத் தாங்குவது உராய்வு. எண்ணெய் தடவிய கதவில் பலம் குறைந்த காந்தம் வழுக்கி இறங்குவதைப் பார்த்தால் புரியும்.

படி 5: பட்டியலில் இல்லாத விசையை அடித்துவிடுங்கள்

இப்போது பேருந்துக்கு வருவோம். பொருள்: அக்கா மகள். விரலால் சுற்றி வந்தால், கீழே இருக்கை. அது மேலே தாங்குகிறது, கொஞ்சம் உராய்வும் கொடுக்கிறது. பக்கத்தில் என் தோள். காற்று இருக்கிறது, விட்டுவிடலாம். தொடாதவர்களில் பூமி மட்டும். முடிந்தது பட்டியல்.

"வளைவுக்கு வெளிப்பக்கமா என்னைத் தள்ளுனது?" என்று மறுபடி கேட்டாள்.

"தொட்டவங்க பேரைச் சொல்லு கண்ணு."

யோசித்தாள். ஒருவரும் இல்லை. காந்தமும் இல்லை, மின்னேற்றமும் இல்லை. அப்படியானால் வெளிநோக்கித் தள்ளிய விசை என்று ஒன்று கிடையாது. பேருந்து திரும்பியது, அவள் உடம்பு நேராகவே போகப் பார்த்தது. இருக்கையின் உராய்வு அவளைத் திருப்பப் போதவில்லை, அதனால் வழுக்கி வந்து என் தோளில் இடித்தாள். உண்மையில் தள்ளியது நான். அதுவும் வளைவின் உள்பக்கமாக. "நீயா மாமா தள்ளுன?" என்று அவள் முறைத்ததை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். வளைவுகளில் வெளிநோக்கிய விசை என்று பெரிய வகுப்புகளில் ஒன்றைச் சொல்வார்கள். அது பேருந்தோடு சேர்ந்து திரும்புபவர் கணக்குப் போட வசதிக்காகச் சேர்த்துக்கொள்வது. அதைச் செலுத்தும் பொருள் என்று எதையும் காட்ட முடியாது.

சரி, பேருந்தைத் திருப்பியது யார்? அதைத் தொடுபவை காற்றும் சாலையும்தான். டயருக்கும் தாருக்கும் இடையில் பக்கவாட்டில் இருக்கும் உராய்வுதான் அத்தனை டன் எடையையும் திருப்புகிறது. இதை எண்ணில் பார்க்கலாம். வளைவின் ஆரம் 10 மீட்டர், சாலை சரிவில்லாத தளம், உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்) காய்ந்த சாலையில் 0.7 என்று வைத்துக்கொள்வோம். வழுக்காமல் திரும்பும் உச்ச வேகத்தைக் காண 0.7, 9.8, 10 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: நொடிக்குச் சுமார் 8.3 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். மழையில் குணகம் 0.4-க்கு இறங்கினால் உச்ச வேகமும் மணிக்கு 22 கிலோமீட்டர் பக்கம் வந்துவிடும். இந்தக் கணக்கில் வண்டியின் எடை எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள். வழுக்கலைப் பொறுத்தவரை பேருந்துக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே எல்லைதான். (கவிழ்வது வேறு கணக்கு.)

இறங்கும்போது ஈர்ப்பு வண்டியை முன்னே இழுத்துக்கொண்டே இருக்கும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்போது ஈர்ப்பை எதிர்க்க மிஞ்சுவது பிரேக்கின் உராய்வு மட்டுமே. தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறும், சூடேறினால் பிடி தளரும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும்.

உராய்வுக் குணகத்தை வீட்டிலேயே அளக்கலாம். பலகை மேல் செங்கல்லை வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். கல் வழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தூக்கிய முனையின் உயரத்தையும் தரையில் பலகை அடைக்கும் நீளத்தையும் அளந்து, உயரத்தை நீளத்தால் வகுக்க வேண்டும். 45 செ.மீ. உயரம், 90 செ.மீ. நீளம் என்றால் குணகம் 0.5. பலகையை ஈரமாக்கி ஒருமுறை, சாக்கு விரித்து ஒருமுறை என்று செய்து பாருங்கள். அப்புறம் இரண்டு கல்லை அடுக்கி வையுங்கள். கோணம் அநேகமாக மாறாது. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அவர்களையே செய்யவிடுங்கள்.

இதே படியில் சிக்கும் இன்னொரு தவறு, மாங்காய்க்கு எறிந்த கல். பறந்துகொண்டிருக்கும் கல்லின் மேல் "கையின் விசை" இருப்பதாகப் பத்துக்கு எட்டுப் பேர் எழுதுவார்கள். கை தொடுகிறதா? இல்லை. அப்படியானால் அடித்துவிடுங்கள். கல்லுக்கு இருப்பது கை கொடுத்த வேகம்தான். அதன் மேல் இப்போது செயல்படுவது பூமியும் காற்றும் மட்டுமே.

படி 6: ஜோடியைத் தேடுங்கள்

எந்த விசைக்கும் எதிர்விசை உண்டு, அது அதே வகையைச் சேர்ந்ததாக இருக்கும், வேறு பொருளின் மேல் செயல்படும். மேசை மேல் மாம்பழம்: பூமி பழத்தை இழுக்கிறது, மேசை பழத்தைத் தாங்குகிறது. இரண்டும் சமம், எதிர்த்திசை. இதையே ஜோடி என்று எழுதுவார்கள், தப்பு. இரண்டுமே பழத்தின் மேல் செயல்படுகின்றன. ஒன்று தொடா விசை, மற்றது தொடு விசை. ஈர்ப்பின் உண்மையான ஜோடி, பழம் பூமியை மேல்நோக்கி இழுப்பது. மேசை தாங்குவதன் ஜோடி, பழம் மேசையைக் கீழே அழுத்துவது.

ஒரு பெரிய கணக்கு

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியில் காய் பறிக்க மூங்கில் ஏணி சாத்துவார்கள். பொருள்: ஏணி. தொடுபவர்கள்: மண், மரம், ஏறி நிற்பவரின் கால், கை. மண் மேலே தாங்குகிறது, அடி விலகிப் போகாமல் மரத்தை நோக்கி உராய்வும் கொடுக்கிறது. மரம் ஏணியைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளுகிறது. கால் கீழே அழுத்துகிறது. தொடாதது ஈர்ப்பு ஒன்றுதான். மரம் வெளியே தள்ளுவதை முக்கியமாகச் சமன் செய்வது மண்ணின் உராய்வு. மழையில் அது குறைந்தால் அடி சறுக்கும். அடியை மண்ணில் கொஞ்சம் புதைத்துவிட்டால் உராய்வை மட்டும் நம்ப வேண்டியதில்லை, குழியின் பக்கச்சுவரே நேராகத் தள்ளிப் பிடிக்கும்.

இரண்டு வகையும் அடுத்தடுத்து வேலை செய்வதைப் பார்க்க மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1934-இல் திறந்த அந்த அணையில் தண்ணீரைக் கீழே இழுப்பது ஈர்ப்பு. தண்ணீர் டர்பைன் இலைகளைத் தொட்டுத் தள்ளுகிறது. டர்பைன் சுழற்றும் காந்தங்கள், நடுவில் காற்று இடைவெளி இருக்க, சுற்றியுள்ள கம்பிச் சுருளில் எலக்ட்ரான்களைத் தொடாமலேயே ஓட வைக்கின்றன.

தொடாமல் எப்படி இழுக்க முடியும்?

பிள்ளைகள் இதைக் கேட்டால் திட்டாதீர்கள். 1687-இல் ஈர்ப்பு விதியை வெளியிட்ட நியூட்டனுக்கே இது உறுத்தியது. நடுவில் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கும் என்பதை ஏற்க முடியவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஃபாரடே வேறு விதமாகப் பார்த்தார்: காந்தத்தைச் சுற்றியுள்ள இடமே மாறியிருக்கிறது, அந்த மாற்றம்தான் ஊசியை இழுக்கிறது. அதைப் புலம் என்கிறோம். கஞ்சமலைப் பொடியை ஒரு தாளில் தூவி, அடியில் காந்தத்தை வைத்துத் தாளை மெல்லத் தட்டுங்கள். பொடி கோடு கோடாக நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், தொடு விசையும் உள்ளே போய்ப் பார்த்தால் தொடா விசைதான். மேசையில் கை வைக்கும்போது கையின் அணுக்களும் மேசையின் அணுக்களும் மிக நெருங்கி வரும், அவற்றின் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கலைத்தான் "தொட்டேன்" என்கிறோம். எலக்ட்ரான்களின் நடத்தையில் இன்னும் நுட்பமான விதிகளும் சேர்கின்றன, அது பெரிய வகுப்புச் சங்கதி. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். கேட்டால் அட்டவணையையே எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

குண்டூசியில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டுங்கள். ஊசிக்கு மேலே காந்தத்தைப் பிடித்து மெதுவாக உயர்த்தினால், காந்தத்தைத் தொடாமல் ஊசி அந்தரத்தில் நிற்கும். இப்போது ஊசியின் மேல் உள்ள விசைகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பூமி கீழே இழுக்கிறது, நூலும் கீழேதான் இழுக்கிறது, காந்தம் மேலே. நூலை "மேலே" என்று எழுதினால் படி 2-க்குத் திரும்ப வேண்டும்.

இடைவெளியில் ஒரு காகிதத்தை நுழையுங்கள், ஊசி நிற்கும். நிக்கல் சேர்ந்த எவர்சில்வர் தட்டை நுழையுங்கள், அப்போதும் நிற்கும். பிறகு காந்தம் ஒட்டும் வகைத் தகர மூடிகள் இரண்டு மூன்றை அடுக்கி நுழையுங்கள். ஊசி பொத்தென்று விழும். அக்கா மகள் பென்சிலை எடுத்து, மூன்று வரிப் பட்டியலில் காந்தம் என்ற வரியை அடித்தாள். கொஞ்ச நேரம் தொய்ந்து கிடந்த நூலைப் பார்த்துவிட்டு, அந்த வரியையும் அடித்தாள். அப்புறம் மேசை என்று புதிதாக ஒன்றை எழுதிச் சேர்த்தாள்.